பதினான்காம் போல்ட்

கோட்டைப் பார், என்றேன்.
போல்ட்டின் முனையில் தொடங்கி, நட்டின் தோளில் இறங்கி,
தகட்டில் முடியும் வெள்ளைக் கோடு.
அக்டோபரில் நீ இழுத்தது, வெண்டெல்.
மயிரிழைகூட விலகவில்லை.

ஸ்பானரைப் போட்டால்
நட்டு வெண்ணெயில் சுற்றுவதுபோல் சுற்றுகிறது.

கீழே டிஸா ஆறு
பனிப்பாளங்களைத் தூணில் உரசி உரசித்
தள்ளிக்கொண்டு போகிறது.
அடுத்த சரக்கு ரயிலுக்கு நாற்பது நிமிடம்.

படிவத்தில் இரண்டு கட்டங்கள்.
தளர்ந்தது.
இறுக்கப்படாதது.
ஒன்றில் மட்டும் டிக் அடிக்க வேண்டும்.

"ரெண்டும் ஒண்ணுதான் எமோகெ. கையில ஆடுது, அவ்வளவுதானே."

ஒன்றில்லை.
தளர்வதற்கு நாள் வேண்டும்.
நேராக இழுத்தால் நட்டு அவ்வளவு லேசில் கழலாது.
பக்கவாட்டில், தகட்டின்மேல் தகடு
நூலளவு நழுவ வேண்டும், நழுவித் திரும்ப வேண்டும்,
ஆயிரம் சக்கரம், பத்தாயிரம் சக்கரம்.
அப்படித் தளர்ந்திருந்தால்
கோடு நடுவில் முறிந்திருக்கும்.
அதிர்வு என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

இங்கே இறுகியது பெயின்ட் மட்டும்.

எங்கள் மொழியில் நட்டுக்கு அன்யா என்று பெயர்,
அம்மாவைக் கூப்பிடும் அதே சொல்.
வாஷர், அடியில் வைத்தது.
மரைக்கு மெனெத்; ஊர்வலமும் மெனெத்தான்.
போல்ட்டையும் ஸ்க்ரூவையும் பிரிக்க
எங்களிடம் தனித்தனிச் சொல்கூட இல்லை.
ஆனால் முன்னிழுப்புக்கு இருக்கிறது:
சுமை வரும் முன்பே இழுத்து நிறுத்துவது.
ஒழுங்காக இழுபட்ட போல்ட்டுக்கு
ரயில் போவது அநேகமாகத் தெரியாது.
தகடுகள் ஒன்றையொன்று கவ்வும் கவ்வல்தான் சுமக்கும்.
இந்தப் பதினான்கோ
எதையும் இழுக்காமல், எதையும் அமுக்காமல்
மூன்று மாதம் துளைக்குள் குடியிருந்திருக்கிறது.

அதன் தலையில் 10.9 என்று பொறிப்பு.
பத்து, அறும் எல்லை.
ஒன்பது, அந்த எல்லையில் பத்தில் ஒன்பது பங்குவரை இழுத்தாலும்
விட்டதும் பழைய நீளத்துக்கே திரும்பும் என்ற வாக்கு.
வெண்டெலின் கம்பளித் தொப்பியில்
ஏதோ உரக் கம்பெனியின் பெயர்.

அன்று பதின்மூன்றை முடித்தபோது அவனுக்குப் போன் வந்தது.
வீடு விலைபோய்விட்டது,
நிலவறைச் சாவியை எங்கே வைத்தாய் என்று
அவள் கேட்டது எனக்கே கேட்டது.
பேசி முடித்து வந்தவன்
பதினைந்திலிருந்து தொடங்கியிருக்கிறான்.
பிரஷ் மட்டும் ஒன்றையும் விடவில்லை.

"தளர்ந்ததுன்னே போட்டுடேன்," என்கிறான்
டார்ச்சை என் பேனாமேல் பிடித்தபடி.
"உனக்கும் அதுதான் நல்லது."

தெரியும்.
அக்டோபர் படிவத்தின் அடியில்
இறுக்கியவர்: வெண்டெல்.
சரிபார்த்தவர்: நான்.
இருபத்து நான்கு என்று எண்ணிக் கையெழுத்துப் போட்டேன்.
கோடுகளைத்தான் எண்ணினேன்.

உனக்கென்ன, மரை கழன்றுவிட்டதா என்று
நாளை ஆபீஸில் ஜோம்போர் கேட்பான்.
கேட்கட்டும்.
இரண்டாம் கட்டத்தில் டிக் அடித்தேன்.
மை உறைந்து கீறல் விழவில்லை.
முனையில் மூச்சை ஊதி
இன்னொரு தரம் அடித்தேன்.

வெண்டெல் ஒன்றும் பேசவில்லை.
டார்க் ரெஞ்சை மாட்டி, உடம்பைச் சாய்த்து இழுத்தான்.
அப்போதுதான் முறிந்தது கோடு.
டக்.

பதினான்கு இறுகினால்
பதின்மூன்றும் பதினைந்தும் கொஞ்சம் விட்டுக்கொடுத்துவிடும்.
எப்போதும் அப்படித்தான்,
பக்கத்து இறுக்கத்தைத் தொடாமல்
எதையும் இறுக்க முடியாது.
ஆகவே ஒன்றிலிருந்து மறுபடி ஒரு சுற்று,
எதிரெதிராக, குறுக்குக் குறுக்காக.
இந்த முறை டக்குகளை எண்ணினேன்.

பழைய கோட்டைச் சுரண்டியாயிற்று.
புதிது இழுக்கப் பெயின்ட் டப்பாவை எடுத்தால்
திருகு மூடி குளிரில் பிடித்துக்கொண்டு
வர மாட்டேன் என்கிறது.
அவன் திருகினான். நான் திருகினேன்.
கையுறையைக் கழற்றிவிட்டு அவன் திருகினான்.
தண்டவாளம் ஊத் தொடங்கியது.
பாலத்தின் ஓரக் கம்பியோடு ஒட்டி நின்றோம்,
டப்பா இருவர் கைக்கும் நடுவில்.