ஒப்புகை

எங்கள் நாட்டில் ஆமென்றால்
தலை பக்கவாட்டில் ஆடும்.
இல்லையென்றால் மேலும் கீழும்.
பிரெமன் வாடிக்கையாளருக்கு இது தெரியாது.
"வெள்ளிக்குள் முடியுமா?" என்றார் காணொளியில்.
முடியும் என்று ஆட்டினேன்.
முகம் வாடி,
திங்கள்வரை தவணை கொடுத்துவிட்டார்.
அந்த மூன்று நாளும் எங்கள் குழு
பானித்சா தின்றபடி
ஐரோப்பாவின் சரக்கைக் காத்தது.

ரூசேயின் இந்தக் கட்டடத்தில் முன்பு
காந்தத் தட்டுகள் செய்தார்களாம்.
நாங்கள் எதையும் செய்வதில்லை.
பார்க்கிறோம்.
இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை
லாரிகளைப் புள்ளிகளாகப் பார்க்கிறோம்.
ஓடினால் பச்சை, நின்றால் மஞ்சள்.
தொலைவில் போனதையும்
தொலைந்து போனதையும்
திரை ஒரே சாம்பலில் காட்டும்.

வாசலில் அமைச்சர் திறந்துவைத்த பலகை:
'தகவல் தொழில்நுட்பமே நம் நாட்டின் புதிய கோதுமை.'
அறுவடைக்கு ஆள் போதவில்லை என்றுதான்
பல்கலைக்கழகத்தில் டெலிமேட்டிக்ஸ் தொடங்கினார்கள்.
முதலாண்டில் நாற்பத்திரண்டு பேர்.
இப்போது பத்தொன்பது.
மற்றவர்கள் கதிர் முற்றுமுன்பே ஏற்றுமதி,
டப்ளினுக்கு, மால்மோவுக்கு.
மொம்சில் மட்டும் படிப்பை விட்டுவிட்டு
தேனீ வளர்க்கிறான்.
கூடுகளுக்குள் சென்சார் வைத்திருக்கிறான்,
எங்கள் வகுப்பில் யாரும் செய்யாத செய்முறை.

2814 என் அம்மா.
பெயர் ஸ்னெஷானா, திரைக்கு அது வேண்டாம்.
நாற்பது டன் லாரி.
முன்கண்ணாடியில்
நாலு வயது நான், நீச்சலுடையில், அழுதபடி.

ஜனவரி. வியாழன் இரவு.
டான்யூப் பாலத்துக்கு அப்பால் மூடுபனி.
2814 மஞ்சளாயிற்று.
நாற்பத்தைந்து நிமிடம் நின்றால்
எச்சரிக்கை போக வேண்டும்,
ஓட்டுநர் சம்பளத்தில் அது விழும்.
ஐம்பதுவரை விட்டேன்.
ஐம்பத்தொன்றில் அமுக்கினேன்.
அமுக்கியது என் விரல்.
பதிவேட்டில் இருப்பது: தானியங்கி.

லாரிப் பெட்டியில் பதிலுக்கு மூன்றே பொத்தான்.
கிடைத்தது. தாமதம். உதவி.
எதுவும் வரவில்லை.
புள்ளி சாம்பலாயிற்று.
கைபேசியில் அழைத்தேன்.
ருமேனியப் பெண்குரல் ஒன்று
நீளமாக ஏதோ சொன்னது.
அதில் எனக்குப் புரிந்தது
'இல்லை' மட்டும்.

காலை எட்டரைக்கு வாய்மொழித் தேர்வு.
கவிழ்த்துவைத்த சீட்டுகளில் எனக்கு வாய்த்தது பதினேழு.
'அனுப்பிய பொட்டலத்துக்கு ஒப்புகை வராவிட்டால்
அனுப்புநர் என்ன செய்வார்?'

காத்திருப்பார்.
எவ்வளவு நேரம்?
முன்பு போய்வந்த நேரங்களை வைத்துக் கணக்கிட்டு.
பிறகு?
மறுபடி அனுப்புவார்.
அதற்கும் வராவிட்டால்?
காத்திருப்பை இரட்டிப்பாக்குவார்.
பொட்டலம் தொலைந்ததா, ஒப்புகை தொலைந்ததா,
அனுப்புநருக்கு எப்படித் தெரியும்?
தெரியாது, என்றேன்.
தெரியவே தெரியாது, என்றேன் மறுபடி,
கேட்காமலே.

தேர்வாளர் யாவோர்
பதினோரு ஆண்டு ஐந்தோவனில் இருந்து திரும்பியவர்.
அவர் தலை இப்போது
இரண்டு நாட்டு வழக்கிலும் ஆடும்.
மேலும் கீழும் அசைத்தார்.
எந்த நாடு என்று கேட்கத் துணிவில்லாமல்
வெளியே வந்தேன்.

நடைக்கூடத்தில் கைபேசி அதிர்ந்தது.
பகல் ஷிப்ட் ஸ்லாவெயா
திரையைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள்.
2814, பச்சை, புகாரெஸ்ட் தாண்டி.
அதன் கீழே,
வழியில் எங்கோ தேங்கி இப்போதுதான் வந்திறங்கிய பதில்:
கிடைத்தது.
கிடைத்தது. கிடைத்தது.
எண்ணினேன், ஏழு.
சிக்னல் செத்த பனியில், வரிசையில் நின்றபடி,
அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறாள்.
ஏழில் எது எச்சரிக்கைக்கு, எது எனக்கு என்று
பெட்டி பிரித்துச் சொல்லாது.

போன எச்சரிக்கையைத் திரும்பப் பெற வழியில்லை.
பிடித்தம் பன்னிரண்டு யூரோ.
இந்த மாத மின்கட்டணத்தில்
அம்மா பங்கிலிருந்து அதைக் கழித்துவிடுவேன்.
யார் கழித்தது என்று கேட்டால்
தானியங்கி என்பேன்.