கூரைக் கணக்கு

தகடு இரண்டு. ஒவ்வொன்றும் இருநூறு வாற்று
என்று பெட்டியில் அச்சடித்திருக்கிறது.
பெட்டி எங்கள் வைகாசியைக் கண்டதில்லை.

காரைநகர்க் கடலோரம் வானை நிறுத்தி
பாண் சுற்றின தாளில்
நானூறை ஐந்து மணித்தியால வெயிலால்
பெருக்கினான் றெஜினோல்ட்: இரண்டாயிரம்.
பேனையை வாங்கி
நான் கழிக்கத் தொடங்கினேன்.

கூரை சரியாமல் படுத்திருப்பதற்குக் கொஞ்சம்.
தகடு சுட்டால் இன்னும் கொஞ்சம்:
சூடு ஏற ஏற வரத்துக் குறையுமாம்,
இந்த ஊரில் வெயிலுக்கே வெயில் ஆகாது.
உப்புக்கு, புழுதிக்கு,
காகத்துக்கும் ஒரு பங்கு.
ஆயிரத்து முந்நூறில் வந்து நின்றது.

குட்டிப் பிறிட்ஜ் அறுநூறு குடிக்கும்.
போன், லைற், தண்ணிப் பம்புக்கு இருநூறு.
மிச்சம் ஐந்நூறு ஃபானுக்கு.

மத்தியானம் உள்ளே இருக்கேலாது.
"சவுக்குக்குக் கீழே விடுவம்" என்றேன்.
நிழலா அது, நூல் நூலாய்ச் சல்லடை.
அதுக்கே மீற்றர்
இருநூற்றெண்பதிலிருந்து நாற்பதுக்கு விழுந்தது.
றெஜினோல்ட் ஒன்றும் பேசாமல்
வானை ஸ்ராட் பண்ணினான்.

இப்ப வெட்டவெளியில் நிற்கிறோம்.
தலைமாட்டில் ஃபான் சுழல்கிறது,
வெயிலைத் தின்று
வெயிலை விரட்டிக்கொண்டு.
நிழலில் நின்றிருந்தால்
இது தேவைப்பட்டிராது.

கார்த்திகை மழைக்கு என்ன கணக்கு என்று கேட்டேன்.
தாளில் இடமில்லை என்றான்.