பத்து நாற்பது, ஒன்பது நாற்பது

உறைந்த ஆற்றில் ஒரே துளை.
ஹில்காவின் நோட்டில் மணி பத்து நாற்பது,
யெர்க்கரின் நோட்டில் ஒன்பது நாற்பது.
தோர்னே ஆற்றின் நடுவே
கோடு போகிறது என்கிறது வரைபடம்;
சறுக்கு வண்டிக்கு அது தெரியாது.

இரண்டு பல்கலைக்கழகம், ஒரு வெப்பமானி.
ஃபின்லாந்து பாதி, ஸ்வீடன் பாதி.
பில்லைக் கிழித்துப் பங்கிடலாம்,
கருவியை?
படிவத்தில் எட்டாவது கேள்வி:
‘பொருள் எந்த நாட்டில் உள்ளது?’
கணக்கு எழுதுகிற நான்
‘தண்ணீரில்’ என்று எழுதி அனுப்பினேன்.
திரும்பி வந்தது, சிவப்பு அடிக்கோட்டோடு.

அக்கரை பச்சையாம்!
ஆறு மாதம் இங்கே
இரண்டு கரையும் வெள்ளை.

ஒரே ஒரு நாள் சண்டை.
பனியின் தடிமன் எழுபத்தொன்றா, எழுபத்து நாலா?
யெர்க்கர் கையுறையைக் கழற்றினான்,
சட்டையைச் சுருட்டினான்,
துளைக்குள் தோள்வரை கைவிட்டு
அடி விளிம்பைத் தடவினான்.
உதடு நீலமாக
‘உன்னுடையதுதான் சரி’ என்றான்.
எந்த மொழியில் சொன்னான் என்பது
இருவருக்கும் நினைவில்லை.

மே மாதம் ஒரு ராத்திரி
இடி இடித்ததுபோல் ஆறு உடைந்தது.
துளை, கொடிக்கம்பு, கயிறு, வெப்பமானி
எல்லாம் கடலுக்கு.

காப்பீட்டுக்காரர் கேட்கிறார்:
தொலைந்த தேதி?
ஹில்கா பார்த்தபோது பன்னிரண்டரை. ஒன்பதாம் தேதி.
யெர்க்கர் பார்த்தபோது பதினொன்றரை. எட்டாம் தேதி.
இரண்டையும் எழுதிவிட்டு
தேநீர் போடப் போனேன்.

அடுத்த பனிக்குள் இன்னொன்று வாங்க வேண்டும்.
ஆளுக்குப் பாதி.