வேலை கொடுப்பவர் பெயர்

கைப்பட்டை மூச்சிழுத்து இறுகி
நூற்றைம்பதுக்கு நூறு என்றது.
டாக்டர் ஷைனி அவிழ்த்து மறுபடி கட்டினாள்.
மறுபடியும் அதே.
"என்ன வேலை?"
டைப்பிங் சென்டர். அஜ்மான் சனையாவில். சொந்தக் கடை.
"உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே?"

ஆமாம், உட்கார்ந்துதான்.
உட்கார்ந்தபடியே சனையாவின் பாதி ஆண்களை
ஊருக்கு அனுப்பியிருக்கிறேன், திரும்ப அழைத்திருக்கிறேன்.
ஒரு பாஸ்போர்ட் எண் தப்பாய் விழுந்ததற்கு
என் கைக்காசில் அபராதம் கட்டினேன்.
சாரத்திலிருந்து விழுந்தவனின் பெயரை
மூன்று படிவங்களில்
ஒரே எழுத்துக்கூட்டலில் அடித்துக் கொடுத்தேன்.
பதினைந்தாம் தேதி வாடகைக் காசோலை,
மாதக் கடைசியில் லைசென்ஸ்,
நடுவில் இரண்டு சம்பளம்.
எல்லாம் உட்கார்ந்துதான்.
கால் மட்டும் செருப்புக்கு வெளியே
வளர்ந்துகொண்டிருந்தது.

ரெக்ஸன் கடலில் இருக்கிறான்.
எண்ணெய்த் தளத்தில் இன்னும் பத்தொன்பது நாள்.
சிக்னல் கிடைக்கும் நேரத்தில்
சாப்பிட்டியா என்று வரும்.
சாப்பிட்டேன் என்று போகும்.

ஏழாம் மாதம் என்று எழுதினாள் ஷைனி.
ரத்த அழுத்தம் என்று எழுதினாள்.
பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு
மன அழுத்தம் என்றும் சேர்த்தாள்.
பதினான்கு நாள் படுக்கை.
கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது.
"வேலை கொடுப்பவர் பெயர்?"
ஜெனோவா.
"அது உங்க பேர்."
ஆமாம்.

ஒரு நாளைக்கு ஏழெட்டு அடிப்பேன்
விடுப்பு விண்ணப்பம், ஒன்றுக்கு முப்பது திர்ஹம்.
தங்கை கல்யாணம். இடுப்பு வலி. தகப்பன் சாவு.
சொன்னதைச் சொன்னபடி அடிப்பதுதான் தொழில்.
ஒருவன் மட்டும்
தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு
"மனசு சரியில்லை, மேடம்" என்றான்.
அப்படிப் போட்டால் தரமாட்டானே,
காய்ச்சல்னு போடுவோம் என்றேன்.
போட்டேன்.
காசை எண்ணி வைத்துவிட்டுப் போனான்.

இன்று என் விண்ணப்பம்.
காரணம் என்ற இடத்தில்
விரல் தானாகவே போய்க்
காய்ச்சல் என்று அடித்தது.
அழித்தேன்.
ஓர் எழுத்தாய், பின்னோக்கி.
டோக்கன் இருபத்து மூன்று
கண்ணாடியை நாணயத்தால் தட்டினான்.

கையெழுத்து இரண்டு வேண்டும்:
கேட்பவள் ஒன்று, கொடுப்பவள் ஒன்று.
இரண்டையும் நானே போட்டால்
அது விடுப்பில்லை, கணக்கில் பித்தலாட்டம்.
மரிசெலிடம் நீட்டினேன்.
அவள் அதை நிதானமாய்ப் படித்தாள்.
நான் ஓர் எழுத்தும் விடாமல் அடித்ததை
அவள் ஓர் எழுத்தும் விடாமல்.
பிறகு சொன்னாள்:
"மாசக் கடைசி முடியட்டுமே, மேடம்."

போன நவம்பர்.
ஒற்றைத் தலைவலி, மூன்று நாள் கேட்டாள்.
அதே நாற்காலியிலிருந்து
அதே வாக்கியம் சொன்னவள் நான்.
அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.
அவள் முதலில் நிறுத்தினாள்.
கையெழுத்துப் போட்டாள்,
முத்திரையை மையில் இரண்டு தரம் ஒற்றி
கட்டத்துக்கு வெளியே போகாமல் வைத்தாள்.
"நவம்பர் பாக்கி மூணு நாள் இருக்கு,
நீங்க வந்த பிறகு" என்றாள்.
எழுதிக்கொள் என்றேன்.
ஏற்கெனவே எழுதியிருந்தாள்.

மூன்றாம் நாள்.
போனை அரிசி டப்பாவில் போட்டு மூடியிருக்கிறேன்.
உள்ளே அது நடுங்கும்போது
அரிசி சரிகிற சத்தம் வருகிறது.
இடது பக்கமாய்ப் படுக்கச் சொன்னாள் ஷைனி.
இடது பக்கம் சுவர்தான்.
ஏசித் தண்ணீர் இறங்கிய கறை
எந்தத் தேசத்தின் வரைபடமும் இல்லை, வெறும் கறை.
இவள் விலாவுக்குக் கீழே ஒரு தரம் உதைத்தாள்.
வாடகை, லைசென்ஸ் என்று
மனசு வரிசையில் வந்து நிற்கிறது;
டோக்கன் கொடுக்க ஆளில்லை.

அந்தக் காய்ச்சல்காரன் பெயர் என்ன?
முனியசாமியா, முனியாண்டியா?
எத்தனை நாள் கொடுத்தார்கள் அவனுக்கு?
சிஸ்டத்தில் இருக்கும்.
போய்ப் பார்க்க வேண்டும்,
இன்னும் பதினோரு நாள் கழித்து.