இரண்டு கிளிக்

சேதராப்பட்டு தொழிற்பேட்டை, மூன்றாம் குறுக்கு.
இரவு ஷிப்டுக்கு ஐந்து பேர், ஒரு டைனோ,
அதன் நெற்றியில் யாரோ ஒட்டிவிட்டுப் போன மாதா படம்
எண்ணெய்ப் புகையில் மஞ்சளாகி.

கோயமுத்தூரிலிருந்து ஒரு பின் ஷாக் திரும்பி வந்திருந்தது.
சணலில் கட்டிய சீட்டில் பந்தயக்காரன் கையெழுத்து:
மூன்றாம் வளைவில் துள்ளுகிறது.
கீழே, நிவேதன்.
துள்ளுகிறது என்பதற்கு அடியில்
தாள் கிழியுமளவு இரண்டு கோடு.

துடைத்து மாட்டினேன்.
இயந்திரம் அழுத்தி இழுத்து அழுத்தி இழுத்து
திரையில் ஒரு வளையம் வரைந்தது.
பண்ருட்டிப் பலாக்கொட்டை மாதிரி இருக்கும் அது.
பிப்ரவரியில் அனுப்பியபோது வரைந்த கொட்டையை
மேலே வைத்துப் பார்த்தேன்.
ஒன்றின்மேல் ஒன்று, மயிரிழை பிசகில்லை.

சுருளுக்கு மறதி கிடையாது.
பள்ளம் கொடுத்ததைப் பைசா குறையாமல்
அடுத்த நொடியே திருப்பிக் கொடுக்கும்.
அதன் கையைப் பிடித்து இழுப்பதற்குத்தான்
உள்ளே எண்ணெய், தாளினும் மெலிந்த பதினொரு தகடு.
அடியெல்லாம் சூடாகிப் போய்விடும்.
அரைமணி ஓட்டிவிட்டுத் தொட்டால்
இப்போதுதான் ஆற்றித் தந்த டீ டம்ளர்.

இருந்தும் பிரித்தேன்.
தகடுகளை வரிசை கலையாமல் துணியில் பரப்பி
விளக்கில் காட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.
ஒன்றும் வளைந்திருக்கவில்லை.

"சரிசெய்யப்பட்டதுன்னு எழுதி அனுப்பு மதலேன்,
அவனுக்கு அந்த ஒரு வார்த்தை போதும்" என்றார் தணிகாசலம்.
ஆறு வருஷமாகப் பொய் வரையாத பேனா என்னுடையது.
குறை இல்லை என்று எழுதினேன்.

நான்காம் நாள் போன் வந்தது.
பின்னால் யாரோ எஞ்சினை முறுக்கும் சத்தம்.
"குறை இல்லைன்னா என்னங்க அர்த்தம்?"
"இல்லைன்னா இல்லை தம்பி."
எஞ்சின் அணைந்தது.
"போன வருஷம் அந்த வளைவுலதான் விழுந்தேன். தோள் எலும்பு."
பிறகு,
"அப்ப துள்றது நானா?"

பந்தயம் நான் பார்த்ததில்லை.
மொபெட்கூட ஓட்டத் தெரியாது எனக்கு.
அடியில் ஒரு சிவப்புக் குமிழ் இருக்கிறது, அது தெரியும்.
"ரீபவுண்டை ரெண்டு கிளிக் திறந்து பாருங்க."
"சரியாயிடுமா?"
"தெரியல. கை எதையோ செஞ்ச மாதிரி இருக்கும்."
சிரித்தானா, மூச்சு விட்டானா,
லைன் அவ்வளவு தெளிவில்லை.

காலை ஆறரை பஸ்.
பட்டைவில் செத்துப்போன வண்டி,
பத்துக்கண்ணு தாண்டினால் ஒவ்வொரு குழியும்
நேரே முதுகெலும்பில் ஏறும்.
எதிர் சீட்டில் ஒருவர்
மடியில் மூன்று அட்டை முட்டை.
குழி வருமுன்னே அட்டைகளை அந்தரத்தில் தூக்கிவிடுகிறார்.
முழங்கை சட்டென்று மடங்கி
மெல்ல, ரொம்ப மெல்லத் திறக்கிறது.
என் வாய் தானாக முணுமுணுத்தது,
கம்ப்ரஷன். ரீபவுண்ட்.

வில்லியனூர் கேட்டில் வண்டி நின்றது.
"எத்தனை உடைஞ்சுது?" என்றார் கண்டக்டர்.
"வீட்ல போய்த்தான் பாக்கணும்"
என்றார் அவர்,
கையை இன்னும் இறக்காமல்.