நானூற்று அறுபத்திரண்டு

தருமபுரி பஸ் ஸ்டாண்டிலேயே
ஐந்நூறை நீட்டியது என் தப்புதான்.
கண்டக்டர் பார்த்த பார்வையில்
அந்த நோட்டை நானே அச்சடித்த மாதிரி இருந்தது.
டிக்கெட்டின் முதுகில் 462 என்று கிறுக்கினார்.
"எறங்கும்போது வாங்கிக்க."

அப்புறம் நான் எங்கே ஜன்னலைப் பார்த்தேன்?
காரிமங்கலம் போனதே தெரியாது.
அவருடைய தோல்பைதான்
எனக்கு ஊர், மலை, வானம் எல்லாம்.
ஒவ்வொரு நிறுத்தத்திலும் லேசாக இருமிப் பார்த்தேன்.
சில்லறை இருமலுக்கெல்லாம்
அசைகிற ஆளில்லை அவர்.

பக்கத்து சீட்டில் ஒரு அம்மா,
மடியில் ஒன்பது மாதத்து யாழிசை.
என்னைப் பார்த்துச் சிரித்தது.
நானும் சிரித்துத் தொலைத்தேன்.

மாங்கூழ் வாசனை மூக்கில் ஏறியது,
சரி, காவேரிப்பட்டணம்.
வேகத்தடையில் பஸ் துள்ளி இறங்கியபோது
என் கையில் டிக்கெட் இல்லை.
யாழிசை மென்றுகொண்டிருந்தது.

"ஐயோ, துப்புடி!" என்று அம்மா விரலை விட்டுத் துழாவ
வந்தது எச்சில்தான்,
கொஞ்சம் நீலமாக.

கிருஷ்ணகிரி.
"டிக்கெட் எங்க?"
குழந்தையைக் காட்டினேன்.

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார் மனிதர்.
பின்னால் இறங்க நின்றவர்கள் கத்தக் கத்த
பத்திரம் படிப்பவரைப்போல
அந்த நாக்கை நிதானமாகப் படித்தார்.
மை கரைந்ததுபோக
ஒரே ஒரு 2 மட்டும்
தலைகீழாக மிச்சம் இருந்தது.

விரலைத் தொட்டுத் தொட்டு எண்ணினார்.
நானூற்று அறுபது.

"ரெண்டு ரூபா?"

"அதான் பாப்பா நாக்குல இருக்கே,
வாங்கிக்க."

விசில் ஊதிவிட்டார்.