தொட்டி நிரம்பும் வரை

பிரசங்க மேடைக்குப் பின்னே, திரைக்கு அப்பால்
நாலரை அடி ஆழத்தில் எங்கள் யோர்தான்.
சுவரில் யாரோ வரைந்த கரை, இரண்டு பேரீச்சை,
அர்க்கன்சாவில் எவரும் பார்த்திராத ஒரு நீலம்.
சனிக்கிழமை ஐந்துக்குக் குழாயைத் திறந்தால்
ஒன்பதுக்கு நிரம்பும்.
கொதிகலன் என் பொறுப்பு. சம்பளம் கிடையாது.

போதகர் லெமுவேல் டாக்கெட்
வெள்ளை அங்கிக்குள்ளே
மீன்பிடிக்காரர்களின் ரப்பர் கால்சட்டை போட்டிருப்பார்,
மார்பு வரைக்கும்.
ஈரம் அவருக்கு ஆகாது.

பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் பாலம் போட்டவர்.
மிதவைகளைக் கோத்துக் கோத்து
ஆற்றுக்குக் குறுக்கே இரவோடிரவாக ஒரு சாலை.
விடிந்ததும் அதன்மேல் யார் யார் போனார்கள்,
யார் யார் திரும்பி வரவில்லை,
முப்பத்தோரு வருடப் பிரசங்கத்தில்
ஒரு வாக்கியம் இல்லை.
மே மாதக் கடைசி ஞாயிறு
"படையிலிருந்தவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்று
டீக்கன் புரூயிட் சொல்லும்போது
அவர் பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடுவார்.

கை என்று நாங்கள் கூப்பிடும் லுவோங் டின் கை
கோழி ஆலையில் முப்பது வருடம் எலும்பு நீக்கியவர்.
கடைசி பெஞ்சில் பதினோரு வருடம்.
எழுபத்து நாலில் வந்து கேட்டார், ஞானஸ்நானம்.
படகில் ஏறும்போது ஐந்து பேர்,
இறங்கும்போது இரண்டு பேர்.
வீட்டில்கூட முகத்தைத்
துணி நனைத்துத் துடைப்பாரே தவிர
தண்ணீருக்குள் கொடுக்கமாட்டார்.

"தெளித்தால் செல்லாது," என்றார் புரூயிட்.
போதகர் பதில் சொல்லவில்லை.
சனிக்கிழமை என்னிடம் சொன்னார்:
குழாயை மெதுவாகத் திற.

வெறும் தொட்டிக்குள் இரண்டு மடக்கு நாற்காலி.
இரண்டு கிழவர்களும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.
சுவருக்கு இந்தப்பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது.
கணுக்காலுக்கு வரும்வரை
கெளுத்தி மீன் விலை, கத்திக்குச் சாணை.
முழங்காலுக்கு வந்தபோது பேச்சு நின்றது.
இடுப்புக்கு வந்தபோது கை ஒரு பெயர் சொன்னார்.
பிறகு இன்னொன்று. இன்னொன்று.
வெகுநேரம் கழித்து, போதகரும் ஒரு பெயர்,
ராணுவத்தில் கூப்பிடுகிற மாதிரி
குடும்பப் பெயர் மட்டும்.
நான் குழாயை இன்னும் குறைத்தேன்.
அன்றைக்கு நிரம்பப் பத்தரை ஆயிற்று.

ஞாயிறு. திரை விலகியது.
பிதா, குமாரன், பரிசுத்த ஆவி,
எல்லாம் சொல்லியாயிற்று.
கையின் உடம்பு பலகை மாதிரி விறைத்து நிற்கிறது.
போதகர் ஒரு நொடி பார்த்தார்.
பிறகு அவரைச் சாய்க்கவில்லை,
அவரைக் கட்டிக்கொண்டு
தானும் சேர்ந்து உள்ளே போனார்.

கை எழுந்தார்.
போதகர் எழவில்லை.
ரப்பர் கால்சட்டை மார்பு வழியாகத் தண்ணீர் குடித்துவிட்டது.
வெள்ளை அங்கி மட்டும் மேலே விரிந்து மிதக்கிறது.
பியானோ நின்றது. யாரோ எண்ணினார்கள்,
அது நான்தான்.
நாலு எண்ணுவதற்குள்
கை மறுபடி மூழ்கினார்,
முகம், தலை, எல்லாம்,
யாரும் அழுத்தாமலே.
தோள்பட்டியைப் பிடித்து
ஆலையில் பெட்டி தூக்கிய கையால்
அவரைத் தூக்கி நிறுத்தினார்.

இருமல். ஒரு ஆமென்.
சிரிக்கக்கூடாதென்று தெரிந்தே சிரித்தோம்.
போதகரும், மூக்கால் தண்ணீர் வழிய வழிய.

பதிவேட்டில் ஒரு பெயர் எழுதிவிட்டு
புரூயிட் பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தார்:
அந்த இரண்டாவது முழுக்கை
எந்தக் கணக்கில் எழுதுவது?
எனக்கு வேலை இருந்தது. தொட்டியைத் திறந்துவிடப் போனேன்.

கால்சட்டையைக் கொதிகலன் குழாயில்
தலைகீழாக மாட்டி வைத்தேன்.
புதன்கிழமை ஜெபக் கூட்டம் வரை சொட்டிக்கொண்டிருந்தது.
அடியில் வாளி.
இரண்டு தரம் கொட்டினேன்.